தகர டப்பா வந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அதைத் திறக்கும் கருவி வந்ததா? அன்றாடப் பொருள்களின் வரலாற்றில் இந்த இடைவெளிகள் ஏன்?

கேள்வி

வணக்கம். நாம் தினமும் கையாளும் பொருள்கள் எப்படித் தோன்றின என்று தேடிப் படிக்கும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே கதைதான் கிடைக்கிறது. யாரோ ஒருவர் எதையோ செய்யப் போனார், தற்செயலாக வேறொன்று கையில் சிக்கியது, அதன்பின் எல்லாம் மாறிவிட்டது என்று மூன்று வரிகளில் முடித்துவிடுகிறார்கள். மைக்ரோவேவ் அடுப்பு என்றால், 1945இல் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளரின் சட்டைப்பையில் இருந்த சாக்லேட் உருகிய செய்தியைச் சொல்லாதவர் இல்லை. ஆனால் 1947இல் வெளிவந்த முதல் அடுப்பு ஏறக்குறைய ஆறடி உயரமும் 340 கிலோ எடையும் கொண்டிருந்தது என்பதையோ, அது சமையலறை மேடைமேல் வைக்கும் அளவுக்குச் சுருங்க 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையோ எவரும் விரிவாக எழுதுவதில்லை. எனக்கு அந்தச் சாக்லேட்டைவிட இந்த இருபது ஆண்டுகள்தான் பெரிய வியப்பாக இருக்கின்றன.

இந்த எண்ணத்தோடு படித்துக்கொண்டிருந்தபோது, உணவு அடைக்கும் தகர டப்பாவுக்கு 1810இலேயே காப்புரிமை கிடைத்துவிட்டது, அதைத் திறப்பதற்கென்றே ஒரு கருவி 1850களில்தான் உருவானது என்ற குறிப்பைப் பார்த்தேன். இது உண்மைதானா? உண்மையென்றால், இடைப்பட்ட காலத்தில் மக்கள் என்ன செய்தார்கள்? எளிதில் திறக்க முடியாத டப்பாவைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் யார்? இதுபோல, ஒரு பொருள் பிறந்ததற்கும் அது நாம் அறிந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்ததற்கும் இடையே நெடுங்காலம் கடந்த வேறு பொருள்கள் உண்டா? தற்செயல் கதைகள் எனக்கு வேண்டாம். இடைவெளிக்கான காரணம் தெரிந்தவர்கள் விளக்கினால் மிகவும் பயனுள்ளதாக இருக்கும்.

முதல் பதில்

நீங்கள் படித்த குறிப்பு உண்மைதான், நண்பரே. ஆனால் அந்த டப்பாவை யாருக்காகச் செய்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அது விளங்கும்.

உணவைக் காற்றுப் புகாமல் அடைத்துச் சூடாக்கினால் கெடாது என்பதைச் செய்து காட்டியவர் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு இனிப்புத் தயாரிப்பாளர். பல ஆண்டுகள் சோதனை செய்து, கண்ணாடிப் புட்டியில் உணவை நிரப்பி, தக்கையால் இறுக மூடி, கொதிநீரில் வேகவைக்கும் முறையை அவர் உருவாக்கினார். முறையை எல்லோரும் அறியும்படி வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையுடன் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்தது. அதன்படி 1810இல் அவருடைய நூலும் வந்தது. உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அப்போது அவருக்கும் தெரியாது, வேறு எவருக்கும் தெரியாது. நுண்ணுயிர்களைப் பற்றி லூயி பாஸ்டர் விளக்கியதெல்லாம் அதற்கு அரை நூற்றாண்டு கழித்துத்தான்.

அதே 1810இல் பீட்டர் டூரண்ட் என்பவர் இங்கிலாந்தில் வாங்கிய காப்புரிமையில், கண்ணாடிக்குப் பதிலாக வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டால் ஆன கலமும் இடம்பெற்றது. அந்தக் காப்புரிமையை விலைக்கு வாங்கிய பிரையன் டாங்கின், ஜான் ஹால் என்பவருடன் சேர்ந்து லண்டனின் பெர்மாண்ட்சி பகுதியில் தொழிற்சாலை அமைத்து, 1813இல் பிரிட்டிஷ் படைகளுக்கு டப்பா உணவை வழங்கத் தொடங்கினார். உங்கள் கேள்விக்கான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. முதல் வாடிக்கையாளர்கள் கடற்படையும், துருவப் பகுதிகளுக்குச் சென்ற ஆய்வுக் கப்பல்களுமே. கப்பலில் தச்சர் இருப்பார், உளியும் சுத்தியலும் இருக்கும். படைவீரரிடம் துப்பாக்கி முனைக் கத்தி இருக்கும். 1824இல் வில்லியம் எட்வர்ட் பாரி ஆர்க்டிக் பயணத்துக்கு எடுத்துச் சென்ற கன்றிறைச்சி டப்பாவின்மேல், உளியையும் சுத்தியலையும் கொண்டு மேற்பகுதியைச் சுற்றி வெட்டுமாறு செய்முறையே எழுதப்பட்டிருந்தது. வாங்கியவர்கள் இதை ஒரு குறையாகக் கருதவில்லை. கப்பலின் ஆட்டத்தையும் மாதக்கணக்கான அலைச்சலையும் தாங்குகிற உறுதிதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அந்த டப்பாவையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். இன்று விரலால் அழுத்தினால் உள்ளே ஒடுங்கும் மெல்லிய தகடு அல்ல அது. கனமான தகட்டைக் கையால் வெட்டி, உருளையாக வளைத்து, ஓரங்களை ஈயம் கலந்த பற்றால் இணைப்பார்கள். மேல்மூடியில் ஒரு துளை விட்டு, அதன் வழியாக இறைச்சியையோ சூப்பையோ நிரப்பி, கடைசியில் ஒரு சிறு வட்டத் தகட்டை அந்தத் துளைமேல் வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். பயிற்சி பெற்ற தகர வேலைக்காரர் ஒவ்வொரு டப்பாவையும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருந்ததால், சாதாரணக் குடும்பம் அதை வாங்கும் விலையில் இருக்கவில்லை. கனமான தகட்டை வெட்டி இழுக்கும் கைக்கருவி ஒன்றை அப்போதே செய்திருந்தாலும் அது வளைந்துதான் போயிருக்கும்.

நூற்றாண்டின் நடுவில் தகடு மெலிந்தது, இயந்திரங்கள் வந்தன, டப்பா மளிகைக் கடைக்கு இறங்கியது. அதன்பிறகே, உளி இல்லாத ஒரு வீட்டில் இதை எப்படித் திறப்பது என்ற கேள்வி எழுந்தது. லண்டனில் ராபர்ட் யேட்ஸ் 1855இலும், அமெரிக்காவின் கனெக்டிகட்டில் எஸ்ரா வார்னர் 1858இலும் தத்தம் கருவிகளைக் கொண்டுவந்தார்கள். வார்னரின் கருவி கத்தியும் கொக்கியும் சேர்ந்த முரட்டுத்தனமான ஒன்று; அமெரிக்க உள்நாட்டுப் போரில் படையினர் அதைப் பயன்படுத்தினார்கள், கடைகளில் விற்பனையாளரே டப்பாவைத் திறந்து வாடிக்கையாளரிடம் கொடுப்பதும் நடந்தது. விளிம்பைச் சுற்றி உருளும் வெட்டுச் சக்கரத்தை வில்லியம் லைமன் 1870இல்தான் அறிமுகப்படுத்தினார்.

இதை வெறும் வேடிக்கைச் செய்தியாகச் சொல்லிக் கடந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். காரணம் தெரியாமலேயே ஒரு முறை பரவியதால் அதன் விளைவை அனுபவித்தவர்களும் உண்டு. செலவைக் குறைப்பதற்காகப் பெரிய பெரிய டப்பாக்களில் இறைச்சியை அடைத்தபோது, நடுப்பகுதி வரை வெப்பம் போய்ச் சேரவில்லை. 1852இல் பிரிட்டிஷ் கடற்படைக் கிடங்கு ஒன்றில் திறந்து பார்த்த டப்பாக்களில் பெரும்பாலானவை அழுகிப் போயிருந்தது பெரிய விவகாரமாயிற்று. எந்த அளவு டப்பாவை எத்தனை நேரம், எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்பதை 1890களின் பிற்பகுதியில்தான் அமெரிக்காவில் முறையாக ஆராய்ந்தார்கள். திறக்கும் கருவிக்கான இடைவெளியைவிட இந்த இடைவெளி நீண்டது. என் கருத்தில் கூடுதல் கவனத்துக்கு உரியதும் இதுதான்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. முதலில் வாங்கியவர்கள் யார் என்ற கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியென்றால், இத்தகைய தாமதங்களுக்கெல்லாம் தகட்டின் கனம், இயந்திரத்தின் குறைபாடு போன்ற தொழில்நுட்பக் காரணங்கள்தான் பெரும்பாலும் இருக்குமா? அல்லது தேவையான அறிவும் பொருளும் கையில் இருந்தும் மனிதர்களே தள்ளிப்போட்ட எடுத்துக்காட்டுகள் உண்டா?

இரண்டாவது பதில்

உண்டு. தீக்குச்சியைப் பாருங்கள். அதன் வரலாற்றைப் படித்தவர்கள் இந்தக் கேள்வியை எளிதில் கடந்துபோக மாட்டார்கள்.

உரசினால் பற்றும் தீக்குச்சியை இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் 1827 ஏப்ரலில் விற்கத் தொடங்கினார். ஆன்டிமனி சல்பைடும் பொட்டாசியம் குளோரேட்டும் பசையும் கலந்த கலவையைக் குச்சியின் நுனியில் பூசி, மடித்த உப்புத்தாளுக்கு நடுவே வைத்து இழுத்தால் அது தீப்பிடிக்கும். இதற்கு முன்பே, 1823இல், யோகன் வோல்ப்காங் டோபரைனர் என்ற ஜெர்மானிய வேதியியலர், துத்தநாகமும் அமிலமும் சேர்ந்து உண்டாக்கும் ஹைட்ரஜனைப் பிளாட்டினத்தின்மேல் பாய்ச்சித் தீமூட்டும் விளக்கு ஒன்றைச் செய்துவிட்டார் என்பதால், உரசும் தீக்குச்சியைவிட லைட்டர் மூத்தது என்று சொல்வது தவறாகாது. வாக்கர் தன் குச்சிக்குக் காப்புரிமை பெறவில்லை. அதனால் பலரும் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள்.

வாக்கரின் குச்சி பற்றுவது நிச்சயமில்லை, பற்றினால் தீப்பொறி சிதறும், நாற்றமும் அதிகம். 1830களின் தொடக்கத்தில் பிரான்சின் சார்ல் சோரியா அந்தக் கலவையில் வெண் பாஸ்பரஸைச் சேர்த்தபோது இந்தக் குறைகள் பெரும்பாலும் தீர்ந்தன. சுவர், செருப்பின் அடிப்பகுதி, மேசை விளிம்பு என எங்கே உரசினாலும் எளிதில் பற்றும் குச்சி கிடைத்தது. விலை குறைவு, வசதி அதிகம் என்பதால் ஐரோப்பா முழுவதும் அது பரவியது.

அந்த வசதிக்கு விலை கொடுத்தவர்கள் தொழிற்சாலைகளில் குச்சிகளை முக்கி எடுத்தவர்களும் பெட்டியில் அடுக்கியவர்களும்தான். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சிறுவர், சிறுமியர். வெண் பாஸ்பரஸின் ஆவியை நாள்தோறும் சுவாசித்தவர்களுக்கு முதலில் பல்வலி வரும். பிறகு ஈறு வீங்கும், சீழ் வைக்கும், தாடை எலும்பு உயிரிழந்து அழுகத் தொடங்கும். அழுகிய தாடையை அறுத்து எடுப்பதைத் தவிர மருத்துவர்களால் செய்யக்கூடியது அதிகம் இல்லை. எடுக்காவிட்டால் பலருக்கு அது மரணத்தில் முடிந்தது. 1840களின் நடுவிலேயே வியன்னாவின் மருத்துவர்கள் இந்த நோயைத் தீக்குச்சித் தொழிலோடு தொடர்புபடுத்தி எழுதிவிட்டார்கள். ஆகவே, பின்னால் வந்தவர்கள் ஆபத்து தெரியாமல் செய்தார்கள் என்று சொல்ல இடமில்லை.

மாற்றுவழியும் அதே ஆண்டுகளில் கிடைத்துவிட்டது என்பதுதான் என்னை மிகவும் வருத்தும் பகுதி. ஆவியாகாத, நச்சுத்தன்மையற்ற சிவப்பு பாஸ்பரஸின் தன்மையை வியன்னாவின் ஆன்டன் ஷ்ரோட்டர் அப்போதே விளக்கினார். பற்றக்கூடிய பொருள்களை இரண்டாகப் பிரித்து, பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டுக்கு மாற்றும் முறைக்கு சுவீடனின் குஸ்தாப் எரிக் பாஷ் 1844இல் காப்புரிமை பெற்றார். யோன்சோப்பிங் நகரைச் சேர்ந்த லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைச் செம்மைப்படுத்தி 1855 பாரிஸ் கண்காட்சியில் வைத்துப் பரிசும் பெற்றார்கள்.

இன்று ஒரு தீப்பெட்டியை எடுத்துப் பார்த்தால் பாஷின் எண்ணத்தை அப்படியே காணலாம். குச்சியின் தலையில் பாஸ்பரஸ் கிடையாது. அங்கே இருப்பவை முதன்மையாக ஆக்சிஜனைத் தரும் பொட்டாசியம் குளோரேட்டும், எரிபொருளும், பசையும்தான். பெட்டியின் ஓரத்தில் உள்ள அந்தப் பழுப்புப் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் இருக்கின்றன. குச்சியை அதில் இழுக்கும்போது உராய்வின் சூட்டில் மிகச் சிறிதளவு சிவப்பு பாஸ்பரஸ் வெண் பாஸ்பரஸாக மாறித் தீப்பிடிக்க, அந்தப் பொறி தலையில் உள்ள கலவையைப் பற்றவைக்கிறது. அதாவது, முன்பு தொழிற்சாலை முழுவதும் ஆவியாகப் பரவிய அதே நச்சுப்பொருள் இப்போது தேவைப்படும் ஒரு கணத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவில் தோன்றி மறைகிறது. வேதியியலைக் கொண்டு மனிதரைக் காத்த ஏற்பாடுகளில் இவ்வளவு எளிமையானதும் அழகானதும் எனக்குத் தெரிந்து மிகச் சிலவே.

ஆயினும் அது உடனே பழையதை அகற்றவில்லை. பாதுகாப்பான குச்சியின் விலை சற்றுக் கூடுதல்; பெட்டியில் மட்டுமே உரச முடியும் என்பதை வாங்குவோர் வசதிக்குறைவாக நினைத்தார்கள். உற்பத்தியாளர்களோ, கேட்பதைத்தானே விற்கிறோம் என்றார்கள். 1888 ஜூலையில் லண்டனின் பிரையண்ட் அண்டு மே தொழிற்சாலையில் ஏறக்குறைய 1,400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். குறைந்த கூலியும், கூலியிலிருந்து பிடிக்கப்பட்ட அபராதமும், வேலையிடத்தின் நிலையும் அதன் காரணங்கள். அபராத முறை ஒழிந்தது, ஆனால் வெண் பாஸ்பரஸ் அந்தத் தொழிற்சாலையை விட்டு நீங்க 1901 ஆயிற்று. பின்லாந்தும் டென்மார்க்கும் 1870களிலேயே தடை விதித்திருந்தன. பல நாடுகள் சேர்ந்து தடைசெய்ய ஒப்புக்கொண்டது 1906இல் கையெழுத்தான பெர்ன் உடன்படிக்கையில்தான்.

1844 முதல் 1906 வரை கணக்கிட்டால் அறுபத்திரண்டு ஆண்டுகள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுவே என் விடை. பொருள் இருந்தது, அறிவு இருந்தது, சந்தையில் மாற்றும் இருந்தது. பாதிக்கப்பட்டவர்களும் வாங்கியவர்களும் வேறுவேறு மனிதர்களாக இருந்ததால்தான் அத்தனை காலம் பிடித்தது.

மூன்றாவது பதில்

தீக்குச்சி பற்றி மேலே எழுதியவரின் கருத்தை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் எல்லாத் தாமதங்களுக்கும் மனிதர்களின் அலட்சியத்தையே காரணமாக்கிவிடக் கூடாது என்பதால் ஒரு மாற்று எடுத்துக்காட்டைச் சொல்கிறேன்.

பொருள்களின் உறைமேல் நாம் காணும் பார்கோடுக்கு நார்மன் ஜோசப் வுட்லண்ட், பெர்னார்ட் சில்வர் என்ற இருவர் 1949இல் விண்ணப்பித்து 1952இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். மியாமி கடற்கரை மணலில் அமர்ந்திருந்த வுட்லண்ட், தந்தி அனுப்பும் மோர்ஸ் குறியீட்டின் புள்ளிகளையும் கோடுகளையும் விரலால் கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தபோது, மெல்லியதும் தடித்ததுமான கோடுகள் கிடைத்தன என்பது அவரே பின்னாளில் சொன்ன செய்தி. இதுவும் நீங்கள் வேண்டாம் என்ற வகைக் கதைதான். இருந்தாலும் அதற்குப் பின் நடந்ததைக் கேளுங்கள். அவர்கள் செய்து பார்த்த கருவியில் 500 வாட் விளக்கு ஒன்றின் வெளிச்சம் காகிதத்தில் பட்டுத் திரும்புவதை ஒளியுணர் குழாய் படித்தது. கருவி ஒரு மேசை அளவுக்கு இருந்தது, விளக்கின் சூட்டில் காகிதம் கருகியது. படித்த எண்ணை வைத்து விலையைத் தேடித் தரும் சிறிய கணினி எந்தக் கடையிலும் இல்லை. செறிவான ஒளியைத் தரும் லேசரே 1960இல்தான் முதன்முதலில் செயல்பட்டது.

காப்புரிமையை அவர்கள் 15,000 டாலருக்கு விற்றார்கள். 1963இல் சில்வர் இறந்தார், 1969இல் காப்புரிமை காலாவதியானது. இன்று நாம் காணும் செவ்வக வடிவக் குறியீட்டை ஐபிஎம் நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் வடிவமைக்க, 1974 ஜூன் 26 அன்று ஓஹையோ மாநிலத்தின் டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பொட்டலம்தான் கடையில் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. யாரும் தள்ளிப்போடவில்லை, யாரும் மறைக்கவில்லை. எண்ணத்தைத் தாங்கிப் பிடிக்கும் மற்ற கருவிகள் இன்னும் பிறக்கவில்லை, அவ்வளவுதான். எண்ணியவர்களில் ஒருவர் அதைப் பார்க்காமலே போனார் என்பதைத்தான் என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை.

நான்காவது பதில்

பென்சிலும் ரப்பரும் இந்த வரிசையில் அவசியம் இடம்பெற வேண்டும். ஏனென்றால் அங்கே இடைவெளி முடிந்த பிறகும் வழக்கு தொடர்ந்தது.

இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் பதினாறாம் நூற்றாண்டில் கிடைத்த தூய கிராபைட்டை அறுத்துக் குச்சிகளாக்கி எழுதத் தொடங்கினார்கள். பிரிட்டனோடு போர் மூண்டு பிரான்சுக்கு அந்தக் கிராபைட் கிடைக்காமல் போனபோது, நிக்கோலா ஜாக் கோந்தே 1795இல் கிராபைட் தூளைக் களிமண்ணோடு குழைத்துச் சூளையில் சுடும் முறையைக் கண்டார். களிமண்ணின் அளவை மாற்றினால் எழுத்தின் கருமையும் மாறும் என்பதால் இன்றும் பென்சில் அடிப்படையில் அப்படியே செய்யப்படுகிறது. எழுதியதை அழிக்கவோ, நெடுங்காலம் பழைய ரொட்டித் துணுக்குகளைத்தான் வைத்துத் தேய்த்தார்கள். மரப்பாலிலிருந்து கிடைக்கும் ரப்பர் பென்சில் கோட்டை நன்றாக அழிக்கிறது என்று 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி பதிவு செய்தார். எட்வர்ட் நேர்ன் என்ற கருவி வணிகர் அரை அங்குலக் கட்டியை மூன்று ஷில்லிங்குக்கு விற்கிறார் என்றும், அது பல ஆண்டுகள் உழைக்கும் என்றும் அவர் குறித்திருக்கிறார். அந்த நாளில் அது சிறிய தொகை அல்ல. அத்துடன் அந்த ரப்பர் கோடையில் பிசுபிசுக்கும், குளிரில் கெட்டித்து நொறுங்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்கும் என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்ட பிறகே அழிப்பான் நம்பகமான பொருளாயிற்று.

அதற்கும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, 1858 மார்ச் 30 அன்று, பிலடெல்பியாவின் ஹைமன் லிப்மன் இரண்டையும் இணைத்தார். இன்றுபோல் முனையில் உலோகப் பூண் மாட்டி ரப்பரைச் செருகிய வடிவம் அல்ல அது. பென்சிலின் நீளத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மரத்தின் உள்ளேயே கிராபைட்டுக்குப் பதிலாக ரப்பர் துண்டை ஒட்டிவைத்தார். எழுதும் முனையைச் சீவுவதுபோல மறுமுனையையும் சீவி, புதிய ரப்பரை வெளியே கொண்டுவரலாம். நுண்ணிய கோடுகளை மட்டும் அழிப்பதற்குக் கூரான ரப்பர் வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்யப்பட்டது அது. எனக்கு அது இன்றைய வடிவத்தைவிடக் கவனமாகச் சிந்தித்த வடிவமாகவே படுகிறது.

அந்தக் காப்புரிமையை விலைக்கு வாங்கிய ஜோசப் ரெக்கண்டார்பர், பேபர் நிறுவனத்தின்மேல் தொடர்ந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1875இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பென்சில் எழுதும் வேலையையும் ரப்பர் அழிக்கும் வேலையையும் முன்புபோலவே தனித்தனியாகச் செய்கின்றன. இரண்டும் சேர்ந்ததால் புதிய விளைவு எதுவும் பிறக்கவில்லை, எனவே இது கண்டுபிடிப்பு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டத்தின் கண்ணோட்டத்தில் அது சரியாக இருக்கலாம். ஆனால் எழுதுகிறவர் அழிப்பானைத் தேடிக் கையைப் பக்கவாட்டில் நீட்ட வேண்டிய தேவையையே நீக்கியது ஒரு புதிய விளைவுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தீர்ப்பு வந்தபின் எந்த நிறுவனமும் உரிமத்தொகை செலுத்தாமல் ரப்பர் பொருத்திய பென்சிலைச் செய்ய முடிந்தது.